‘ஏஜா’ இசைத்தட்டில் எந்த அச்சை வாங்குவது?

அமெரிக்க ராக் குழுவான ஸ்டீலி டானின் ‘ஏஜா’ ஆல்பத்தை இதுவரை கைபேசியிலும் காரிலும் மட்டுமே கேட்டுவந்ததாகவும், அண்மையில் டர்ன்டேபிள் வாங்கியிருப்பதால் அந்த ஆல்பத்தின் வினைல் இசைத்தட்டை வாங்க நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 1977இல் வெளிவந்த அசல் அச்சு (வினைலில் அழுத்தி வெளியிட்ட பதிப்பைத்தான் அச்சு என்கிறோம்), மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் பழைய அச்சு, 2023இல் வந்த மறுபதிப்பு ஆகிய மூன்றில் எதை வாங்குவது, பாடல்கள் ஒன்றாகவே இருக்கும்போது சேகரிப்பாளர்கள் ஏன் இவ்வளவு வாதிடுகிறார்கள், விற்பவர் ‘முதல் அச்சு, புதிதுபோல் இருக்கிறது’ என்று சொன்னால் அதை எப்படிச் சரிபார்ப்பது என்பவை உங்கள் கேள்விகள். முதல் கேள்விக்கான பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆல்பத்தை முதலில் வெளியிட்ட ஏபிசி நிறுவனத்தின் லேபிள் ஒட்டிய எழுபதுகளின் அமெரிக்க அச்சு ஒன்றை, பள்ளங்கள் தேயாத நிலையில் இருப்பதாகத் தேடி வாங்குங்கள். பழையதெல்லாம் பொன் என்ற எண்ணத்தில் இதைச் சொல்லவில்லை. இந்த ஒரு ஆல்பத்தைப் பொறுத்தவரை, அதன் ஒலிநாடாக்களுக்கு நேர்ந்த கதியால் அந்தப் பழைய தட்டுக்கு மற்றவற்றுக்கு இல்லாத ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, ஆல்பம் உருவான விதத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆங்கில எழுத்துப்படி ‘ஏஜா’ என்று எழுதினாலும், பாட்டில் அந்தப் பெயர் ‘ஏஷா’ என்றே ஒலிக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஸ்டீலி டானை நடத்திய டொனால்ட் ஃபேகனும் வால்டர் பெக்கரும் 1977 வாக்கில் மேடைக் கச்சேரிகளைக் கைவிட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்டீலி டான் என்பது அப்போது ஒரு நிலையான குழுவாக இல்லை. இருவரும் பாடல்களை எழுதுவார்கள். தயாரிப்பாளர் கேரி கட்ஸும் ஒலிப்பொறியாளர் ரோஜர் நிக்கல்ஸும் உடனிருப்பார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் எந்தக் கலைஞர் பொருந்துவார் என்று பார்த்து, லாஸ் ஏஞ்சலிஸிலும் நியூயார்க்கிலும் இருந்த மிகச் சிறந்த ஸ்டுடியோ வாத்தியக்காரர்களை வரவழைப்பார்கள். ஏழே பாடல்கள் கொண்ட, ஏறத்தாழ 40 நிமிடம் ஓடும் இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர்கள் மட்டும் ஆறு பேர். ‘பிளாக் கௌ’ பாட்டுக்கு பால் ஹம்ஃப்ரி, தலைப்புப் பாட்டுக்கு ஸ்டீவ் காட், ‘டீக்கன் புளூஸ்’, ‘ஹோம் அட் லாஸ்ட்’ இரண்டுக்கும் பெர்னார்ட் பர்டி, ‘பெக்’ பாட்டுக்கு ரிக் மரோட்டா, ‘ஐ காட் த நியூஸ்’ பாட்டுக்கு எட் கிரீன், ‘ஜோசி’க்கு ஜிம் கெல்ட்னர் என்று, பாட்டின் நடைக்கு ஏற்ப ஆளை மாற்றியிருக்கிறார்கள்.

ஜாஸ்-ராக் என்ற பெயரில் அந்தக் காலத்தில் வந்த பெரும்பாலான ஆல்பங்களில் ராக் இசையின் வேகமும் சத்தமும் மேலோங்கியிருக்க, ஜாஸ் வாத்தியக்காரர்கள் நீண்ட தனியாவர்த்தனங்களைப் பொழிவார்கள். ‘ஏஜா’ நேரெதிரான வழியில் சென்றது. ஒவ்வொரு சுரமும் எங்கே விழ வேண்டும் என்று எழுதி முடிக்கப்பட்ட, பாப் பாட்டின் கட்டுக்கோப்பு கொண்ட சட்டத்துக்குள், ஜாஸ் கலைஞருக்கு அளந்து ஓர் இடம் விடப்படுகிறது. அந்த இடத்தில் அவர் தன் மனோதர்மப்படி வாசிக்கலாம். தலைப்புப் பாட்டின் நடுவே வேய்ன் ஷார்ட்டரின் டெனர் சாக்ஸஃபோன் எழும்பும்போது, அதற்கு ஈடுகொடுத்து ஸ்டீவ் காட் வாசிக்கும் டிரம்ஸ் அலையலையாகப் பெருகும். மைல்ஸ் டேவிஸுடன் வாசித்து, அப்போது ‘வெதர் ரிப்போர்ட்’ குழுவில் இருந்த ஷார்ட்டர், ஒரு ராக் ஆல்பத்துக்கு வந்து வாசித்தது பெரிய செய்தி. எட்டு நிமிடம் ஓடும் அந்தப் பாட்டை நான் நூறு முறைக்கு மேல் கேட்டிருப்பேன்; இருந்தும் அந்த இடம் வரும்போது கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறேன்.

இவர்களின் பிடிவாதத்துக்கு ‘பெக்’ ஓர் எடுத்துக்காட்டு. அதில் வரும் கிட்டார் தனிவாசிப்பு சில நொடிகளே நீடிக்கும். அதற்காக ஆறேழு தேர்ந்த கிட்டார் கலைஞர்களை அழைத்து, ஒவ்வொருவர் வாசித்ததையும் பதிவுசெய்து, எதிலும் மனம் நிறையாமல் ஒதுக்கிவிட்டு, கடைசியாக ஜே கிரேடன் வாசித்ததைத்தான் ஏற்றுக்கொண்டார்கள். அதே பாட்டில் சக் ரெய்னியின் பேஸ் கிட்டாரையும் கவனியுங்கள். தந்தியைக் கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் ‘ஸ்லாப்’ முறை வேண்டாம் என்று ஃபேகனும் பெக்கரும் சொல்லியிருந்தார்கள். பாட்டுக்கு அதுதான் பொருந்தும் என்று நம்பிய ரெய்னி, தடுப்புக்குப் பின்னால் அவர்கள் கண்ணில் படாதபடி திரும்பி உட்கார்ந்து அப்படியே வாசித்துவிட்டார். கேட்டபின் அவர்களுக்கும் பிடித்துப்போனது. மைக்கேல் மெக்டொனால்ட் தன் ஒரே குரலை அடுக்கடுக்காகப் பதிவுசெய்து உருவாக்கிய பின்பாட்டும் அந்தப் பாட்டில்தான் இருக்கிறது. ‘டீக்கன் புளூஸ்’ பாட்டின் சாக்ஸஃபோன், பீட் கிறிஸ்ட்லீப் வாசித்தது. தொலைக்காட்சியில் ஜானி கார்சன் நடத்திய இரவு நிகழ்ச்சியின் இசைக்குழுவில் அவர் வாசிப்பதைக் கேட்டுத்தான் அவரைத் தேடிப்பிடித்தார்கள்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஆல்பத்தின் அழகு, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி இடமும் காற்றும் விட்டுப் பதிவுசெய்யப்பட்டதில் இருக்கிறது. எந்த இரைச்சலுக்குப் பின்னாலும் எதுவும் ஒளிந்துகொள்வதில்லை. சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்ததும், ஒலிக்கருவி விற்கும் கடைகளில் ஸ்பீக்கரின் தரத்தைக் காட்ட இதைப் போட்டுக்காட்டும் வழக்கம் உருவானதும், 2010ஆம் ஆண்டுக்கான பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்ததும் இதனால்தான். இத்தனை நுணுக்கமாகச் செய்யப்பட்ட ஒன்றில், பிரதியெடுக்கும்போது சிறிது இழந்தாலும் காது உடனே கண்டுபிடித்துவிடும். சுமாராகப் பதிவான ஆல்பத்துக்கு எந்த அச்சை வாங்கினாலும் பெரிய வேறுபாடு தெரியாது.

இனி ஒலிநாடாவின் கதைக்கு வருகிறேன். ஸ்டுடியோவில் ஒவ்வொரு வாத்தியமும் இரண்டு அங்குல அகல நாடாவில் தனித்தனித் தடங்களாகப் பதிவாகும். அந்தத் தடங்களைக் கலந்து, இடம் வலம் என இரண்டே தடங்கள் கொண்ட மற்றொரு நாடாவை உருவாக்குவார்கள். அதுதான் கலவையின் மூலம். மாஸ்டரிங் பொறியாளர் அந்த நாடாவை ஓடவிட்டு, தேவையான இடங்களில் ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் திருத்தி, லேக்கர் பூசிய வட்டத் தட்டில் பள்ளமாகச் செதுக்குவார். ‘ஏஜா’வுக்கு அந்த வேலையைச் செய்தவர் பெர்னி கிரண்ட்மன். லேக்கரிலிருந்து உலோக அச்சுகள் எடுத்து, அவற்றால் வினைலை அழுத்தினால் உங்கள் கைக்கு வரும் தட்டு தயார்.

‘ஏஜா’வைப் பொறுத்தவரை இந்தச் சங்கிலியின் முதல் இரண்டு கண்ணிகளும் அறுந்துவிட்டன. பல ஆண்டுகளுக்குப் பின், சுற்றொலி வடிவில் ஆல்பத்தைப் புதிதாகக் கலக்க முயன்றபோது, ‘பிளாக் கௌ’, ‘ஏஜா’ ஆகிய இரண்டு பாடல்களின் பல்தட நாடாக்களைக் காணவில்லை என்பது தெரியவந்தது. கண்டுபிடித்துத் தருபவருக்கு 600 டாலர் வெகுமதி என்று ஃபேகன் தரப்பில் அறிவித்தும் பார்த்தார்கள். சுற்றொலிப் பதிப்பு கைவிடப்பட்டது. அடுத்து, 2023இல் மறுபதிப்பு வெளியிட முனைந்த நிறுவனம் இன்னொரு செய்தியைச் சொன்னது. திருத்தம் எதுவும் செய்யப்படாத அசல் கலவை நாடாவும் இப்போது இல்லை என்றே கருத வேண்டியிருக்கிறது. அது நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டதற்கே சான்று இல்லை. ஆகவே புதிய பதிப்பு, ஒலித்திருத்தம் செய்யப்படாத ஒரு நகல் நாடாவிலிருந்து எடுக்கப்பட்டது. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் நிறுவனத்தின் சேமிப்புக் கிடங்கு எரிந்து, ஏபிசி உள்ளிட்ட பல நிறுவனங்களின் ஏராளமான நாடாக்கள் சாம்பலானதைச் சிலர் இத்துடன் முடிச்சுப் போடுகிறார்கள். அந்தத் தீ மாபெரும் இழப்புதான். ஆனால் ‘ஏஜா’வின் பல்தட நாடாக்கள் அதற்கு முன்பே காணாமல் போயிருந்தன.

நம்மிடம் பழைய நூல்களைப் பதிப்பிப்பவர்கள், ஆசிரியர் கைப்பட எழுதிய ஏடு கிடைக்காதபோது, கிடைத்த படிகளில் எது மூலத்துக்கு நெருக்கமானது என்று ஆராய்ந்து பாடபேதம் குறிப்பார்கள் அல்லவா? ‘ஏஜா’ சேகரிப்பாளர்கள் செய்வதும் ஏறக்குறைய அதுவே. 1977இல் புத்தம்புது நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, இசையமைத்தவர்கள் ஒப்புக்கொண்ட வடிவத்தில் கிரண்ட்மன் செதுக்கிய பள்ளம், அந்த நாளின் சாட்சியாக லட்சக்கணக்கான வீடுகளில் கிடக்கிறது. நாடா நாளடைவில் வலுவிழக்கும், காந்தத் துகள் உதிரும், தொலையும். தட்டை யாரும் ஓட்டாமல் வைத்திருந்தால், அதில் செதுக்கியது அப்படியே இருக்கும். ஆகவே இந்த வாதத்தைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பெரிய கலைப்படைப்பு உண்மையில் எப்படி ஒலித்தது என்ற கேள்விக்கு விடை தேடுபவர்கள் அவர்கள்.

அச்சுகளுக்கு வருவோம். ஆல்பம் 1977 செப்டம்பரில் ஏபிசி ரெக்கார்ட்ஸ் வெளியீடாக வந்தது. முதலில் வந்த அமெரிக்கப் பிரதிகளின் எண் ஏபி 1006. பிறகு அது ஏஏ 1006 என்று மாறியது. எண் மாறிய பிரதிகளை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டாம்; அவையும் அதே காலத்தவை, அதே லேபிளின் கீழ் வந்தவை. 1979இல் ஏபிசி நிறுவனத்தை எம்சிஏ என்ற மற்றோர் இசை நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதன்பின் வந்த தட்டுகளில் எம்சிஏ லேபிள் இருக்கும். அவற்றில் நன்றாக ஒலிப்பவையும் உண்டு, மலிவுப் பதிப்பாக மெல்லிய வினைலில் அவசரத்தில் அழுத்தியவையும் உண்டு. விலை குறைவாகக் கிடைத்து, கேட்டுப்பார்க்கவும் வாய்ப்பிருந்தால் வாங்கலாம். கேட்காமல் வாங்க நான் சொல்லமாட்டேன்.

முதல் அச்சு என்றவுடன் அரிய பொருள் என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கும். உண்மை வேறு. இந்த ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. பிரிட்டனில் ஐந்தாம் இடம். பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற ஆல்பத்தின் பிரதிகள் பழைய தட்டுக் கடைகளில் இன்றும் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அரிதாகக் கிடைப்பது, தேயாத பிரதி. எல்லோரும் விரும்பிக் கேட்ட ஆல்பம் என்பதால், கனமான ஊசிகளாலும் தேய்ந்த ஊசிகளாலும் திரும்பத் திரும்ப ஓட்டப்பட்டவைதான் மிகுதி. எனவே ‘முதல் அச்சு’ என்ற சொல்லுக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள், நிலைமைக்குக் கொடுங்கள்.

மொபைல் ஃபிடெலிட்டி அச்சின் எண் எம்எஃப்எஸ்எல் 1-033. பாதி வேகத்தில் செதுக்குதல் என்ற முறையில் அது தயாரானது: நாடாவையும் செதுக்கும் எந்திரத்தையும் பாதி வேகத்தில் ஓடவிடுவார்கள். நொடிக்கு 20,000 அதிர்வுள்ள ஒலி அப்போது 10,000 அதிர்வுள்ளதாகிவிடுவதால், செதுக்கும் ஊசிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். உயர்ந்த சுரங்கள் தெளிவாக விழும். ஜப்பானில் மிகச் சுத்தமான வினைலில் அழுத்தப்பட்டதால் பின்னணி இரைச்சலே இராது. முதல் முறை கேட்கும்போது சிம்பலின் ஒளிர்வு அசத்திவிடும். நானும் அப்படித்தான் மயங்கினேன். ஆனால் ஒரே மாலையில் அதையும் ஏபிசி அச்சையும் மாற்றி மாற்றிக் கேட்டபோது, மொபைல் ஃபிடெலிட்டி அச்சில் மேல் ஒலிகளும் அடி ஒலிகளும் தூக்கப்பட்டு, நடு ஒலிகள் சற்றே பின்வாங்கியிருப்பது தெரிந்தது. ஃபேகனின் குரலும் சாக்ஸஃபோனின் உடலும் குடியிருப்பது அந்த நடுப்பகுதியில்தான். ‘ஹோம் அட் லாஸ்ட்’ பாட்டில் பர்டியின் டிரம்ஸ், இரட்டைக்கும் மும்மைக்கும் இடையே ஊசலாடும் அந்தப் புகழ்பெற்ற நடையில் செல்லும்போது, ஸ்னேர் டிரம்மின் மீது குச்சி மெல்லத் தொட்டுச் செல்லும் ஒலிகள் வலுவான அடிகளுக்கு நடுவே கேட்க வேண்டும். ஏபிசி அச்சில் அவை இயல்பாக, ஒருவர் பக்கத்து அறையில் வாசிப்பதுபோல் கேட்டன; மற்றதில் பளபளப்பு கூடி, அடிக்கும் தொடுகைக்கும் உள்ள இடைவெளி குறைந்திருந்தது. என் காதுக்கு அது அழகான விளக்கவுரை. மூலம் என்று சொல்லமாட்டேன்.

2023இன் மறுபதிப்பில் இரண்டு வகைகள் உண்டு என்பதைக் கவனியுங்கள்; இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். இரண்டுக்கும் நகல் நாடாவிலிருந்து மாஸ்டரிங் செய்தவர், 46 ஆண்டுகளுக்கு முன் அதே ஆல்பத்தைச் செதுக்கிய அதே கிரண்ட்மன். 180 கிராம் எடையில், நிமிடத்துக்கு 33⅓ சுழற்சி வேகத்தில் வந்த சாதாரணப் பதிப்புக்கு, அவருடைய மாஸ்டரை உயர்தர டிஜிட்டல் கோப்பாக மாற்றி, அந்தக் கோப்பிலிருந்து அலெக்ஸ் அப்ராஷ் லேக்கர் செதுக்கினார். அனலாக் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனத்தின் ‘யூஎச்க்யூஆர்’ (அல்ட்ரா ஹை குவாலிட்டி ரெக்கார்ட்) பதிப்பு வேறு. அது 45 சுழற்சி வேகத்தில் இரண்டு தட்டுகளாக, 200 கிராம் எடையில், நிறமி சேர்க்காத வினைலில் அழுத்தப்பட்டது. வெளிவந்தபோது விலை 150 டாலர். 33⅓ பதிப்பை நான் குறை சொல்லமாட்டேன். இரைச்சல் இல்லாத, நேரான, நேர்மையான தட்டு அது. நல்ல பழைய பிரதி உங்கள் ஊரில் கிடைக்கவில்லை என்றாலோ, கடல் தாண்டி வரும் பழைய தட்டின் நிலைமையை நம்ப முடியவில்லை என்றாலோ, தயங்காமல் அதை வாங்குங்கள். யூஎச்க்யூஆர் பதிப்பின் ஒலி அற்புதமானது. ஆனால் உங்கள் ஊசியும் கருவியும் அதற்கு ஈடுகொடுக்கும் நிலைக்கு வரும்வரை அந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. ஜப்பானிய அச்சுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை சொல்கிறேன்: வினைல் மிக அமைதியாக இருக்கும், உறை நேர்த்தியாக இருக்கும், ஆனால் அந்தக் காலத்தில் வெளிநாடுகளுக்கு நகல் நாடாக்களையே அனுப்புவது வழக்கம் என்பதால், மூலத்துக்கு நெருக்கம் என்ற அளவுகோலில் அவை அமெரிக்க அச்சுக்குப் பின்னால்தான் நிற்கும்.

45 சுழற்சி ஏன் உயர்ந்தது, பழைய தட்டின் தேய்மானம் எங்கே முதலில் தெரியும் என்ற இரண்டுக்கும் விடை ஒன்றே. தட்டு சுழலும் வேகம் மாறாது. ஆனால் ஊசி வெளி விளிம்பிலிருந்து லேபிளை நோக்கி நகர நகர, ஒரு சுற்றில் அது கடக்கும் பள்ளத்தின் நீளம் குறைந்துகொண்டே போகும். 33⅓ வேகத்தில், வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. தட்டில் செதுக்கக்கூடிய உள் எல்லையில் அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. நொடிக்கு 10,000 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை, வெளியே 51 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளத்தில் தாராளமாகப் படுத்திருக்கும்; உள்ளே 21 மைக்ரானுக்குள் நெருக்கியடித்து நிற்கும். சாதாரண உருண்டை முனை ஊசியின் ஆரமே ஏறத்தாழ 18 மைக்ரான். அவ்வளவு பருத்த முனை அந்த நெருக்கமான வளைவுகளைத் துல்லியமாகத் தொடர முடியாமல் அவற்றின் முகடுகளைச் சுரண்டிக்கொண்டு போகும். அதனால்தான் தட்டின் உட்பகுதி முதலில் கெடுகிறது. தட்டு 45 வேகத்தில் சுழன்றால், அதே இடத்தில் நொடிக்குக் கூடுதல் நீளப் பள்ளம் ஓடுவதால் இந்த நெருக்கடி குறைகிறது.

இப்போது ‘ஏஜா’வின் முதல் பக்கத்தைப் பாருங்கள். ‘பிளாக் கௌ’, ‘ஏஜா’, ‘டீக்கன் புளூஸ்’ என்று மூன்றே பாடல்கள், ஆனால் மொத்தம் 20 நிமிடத்துக்கு மேல். கடைசிப் பாட்டின் கடைசிப் பகுதியில், பித்தளை வாத்தியங்கள் அடுக்கடுக்காக நிற்க, கிறிஸ்ட்லீப்பின் சாக்ஸஃபோன் அவற்றுக்கு மேலே பாடிக்கொண்டே மெல்ல மறைகிறது. ஆல்பத்தின் மிக நெகிழ்வான அந்த இடம், ஊசிக்கு மிகக் கடினமான உட்பகுதியில் அமைந்திருக்கிறது. எனவே எந்தப் பிரதியையும் சோதிக்க எனக்குப் பழக்கமான வழி, முதல் பக்கத்தின் கடைசி ஒன்றரை நிமிடத்தில் ஊசியை இறக்குவது. சாக்ஸஃபோனின் உயர்ந்த சுரத்தில் ஒரு கரகரப்பு, காகிதம் கிழிவதுபோல் விளிம்பில் ஓர் உரசல் கேட்டால், அந்தத் தட்டு தேய்ந்துவிட்டது. எவ்வளவு கழுவினாலும் அது போகாது. அது அழுக்கு இல்லை, பள்ளத்தின் சுவரே சிதைந்திருக்கிறது. அழுக்கின் ஒலி வேறு: ‘டிக்’, ‘டிக்’ என்று இடைவெளி விட்டு, இசையோடு தொடர்பில்லாமல் வரும். இந்த இரண்டையும் பிரித்தறியக் காதைப் பழக்கிக்கொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

இதை நான் கற்றது ஏமாந்துதான். சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம், ‘நியர் மின்ட்’, அதாவது ஏறக்குறையப் புதியது, என்று விவரிக்கப்பட்ட ஏபி 1006 பிரதி ஒன்றை வாங்கினேன். பெட்டியைப் பிரித்தபோது தட்டு கறுத்துப் பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. ‘பெக்’ தொடங்கியபோது ஒன்றும் தெரியவில்லை, மகிழ்ச்சியாகவே கேட்டேன். பக்கத்தைத் திருப்பி ‘டீக்கன் புளூஸ்’ முடிவுக்கு வந்தபோது, சாக்ஸஃபோன் கொட்டாங்குச்சியைக் கல்லில் தேய்ப்பதுபோல் ஒலித்தது. என் ஊசியில்தான் குறை என்று நினைத்து, அதைத் துடைத்து, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தை மறுபடி சரிசெய்து, எடையை அளந்து, இரண்டு நாள் அலைந்தேன். வேறொரு பிரதியைக் கொண்டுவந்து அதே ஊசியில் ஓட்டியபோது, அது தேன்போல் ஒலித்தது. விற்றவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கண்ணால் பார்த்துத் தரம் குறித்திருக்கிறார், காதால் கேட்டுக் குறிக்கவில்லை. அன்றிலிருந்து, ‘ஓட்டிப் பார்த்தீர்களா? முதல் பக்கத்தின் கடைசி நிமிடத்தைப் பதிவுசெய்து அனுப்ப முடியுமா?’ என்று கேட்காமல் நான் பணம் அனுப்புவதில்லை. நல்ல விற்பனையாளர்கள் மறுக்காமல் அனுப்புகிறார்கள்.

நேரில் பார்த்து வாங்கும் வாய்ப்பு இருந்தால், வெள்ளைக் குழல்விளக்கின் கீழே பார்க்காதீர்கள். ஒற்றை மஞ்சள் பல்புக்கோ கைவிளக்குக்கோ அருகில் தட்டைச் சாய்த்துப் பிடியுங்கள். ஓட்டாத பள்ளம் கன்னங்கரேல் என்று மின்னும். பலமுறை ஓடிய பள்ளம் சாம்பல் பூத்ததுபோல் மங்கும், அதிலும் சத்தம் மிகுந்த இடங்களில் பட்டை பட்டையாகத் தெரியும். அடுத்து, லேபிளின் நடுத்துளையைச் சுற்றிப் பாருங்கள். தட்டை டர்ன்டேபிளில் வைக்கும்போது துளை தப்பி முள் உரசிய மெல்லிய கோடுகள் அங்கே இருக்கும். நாலைந்து கோடுகள் இருந்தால் தட்டு கொஞ்சமே ஓடியிருக்கிறது. சிலந்தி வலைபோல் பின்னியிருந்தால், மேற்பரப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நம்பாதீர்கள். உறையிலும் முதுகிலும் உள்ள எண்ணையும், பாடல் முடிந்து லேபிளுக்கு முன் வரும் வெற்றுப் பகுதியில் செதுக்கியிருக்கும் எண்ணையும் ஒப்பிடுங்கள். நல்ல உறைக்குள் பிற்காலத் தட்டைப் போட்டு விற்பது புதிதல்ல.

ஒரு சொல் உங்கள் ஊசியைப் பற்றியும். நீங்கள் குறிப்பிட்டிருப்பதுபோன்ற தொடக்கநிலை டர்ன்டேபிள்களில் பெரும்பாலும் உருண்டை முனை ஊசியே பொருத்தி வரும். பழைய தட்டுக்குச் செலவிடும் முன், அதே கார்ட்ரிட்ஜுக்கு நீள்வட்ட முனை ஊசி கிடைக்குமா என்று பாருங்கள். முனை மெலிந்தால், மேலே சொன்ன 21 மைக்ரான் நெருக்கத்திலும் அது வளைவுகளை நன்றாகத் தொடரும். ஊசி தட்டின் மீது அழுத்தும் எடையைக் கார்ட்ரிட்ஜ் தயாரித்தவர் சொன்ன அளவுக்குள் வையுங்கள். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். குறைவான எடையில் ஊசி பள்ளத்தில் நிலைகொள்ளாமல் துள்ளித்தான் மிகுதியான சேதம் விளைகிறது.

கடைசியாக உறை. ஜப்பானிய மாடல் சயோகோ யமகுச்சியை ஹிதெகி ஃபுஜி எடுத்த படம் அது: கும்மிருட்டில் ஒரு முகத்தின் பாதியும், சிவப்பும் வெள்ளையுமாக வழிந்து இறங்கும் ஆடையின் ஓரமும் மட்டும் தெரியும். பெரும்பகுதி பளபளப்பான கறுப்பு என்பதால், உள்ளே இருக்கும் தட்டின் விளிம்பு பல ஆண்டுகள் அழுத்தியழுத்தி, வட்டமாக வெளுத்த தடம் இந்த உறையில் விழுவதுபோல் வேறெந்த உறையிலும் விழுவதில்லை. தட்டு நன்றாக இருந்து உறையில் அந்த வளையம் இருந்தால், விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியபின், தட்டைத் தாள் உறையிலிருந்து எடுத்து உராய்வில்லாத புது உள்ளுறையில் போட்டு, அட்டையின் மடிப்புக்குள் திணிக்காமல் அதற்குப் பின்னால் தனியாக வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு கண்ணாடித்தாள் உறைக்குள் நிற்கவைத்துவிடுங்கள். படுக்கவைத்து அடுக்க வேண்டாம். ஜன்னல் வெயில் படும் அலமாரியும் வேண்டாம், அந்தச் சிவப்பு சீக்கிரம் வெளுத்துவிடும்.